பெங்களூர்ல கமேலியா வளர்க்கணும்னா முதல்ல தண்ணிய பாருங்க

கமேலியாங்கற பூச்செடியும் டீச்செடியும் ஒரே பேரினம்தான், குன்னூர் பக்கம் தேயிலைக்கு என்ன புடிக்குமோ அதேதான் இதுக்கும், அமிலத்தன்மை இருக்கிற மண், தேங்காத தண்ணி, சுட்டெரிக்காத வெயில். பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்துல இருக்கறதால குளிர் ஓரளவு கிடைச்சிடுது. இங்க செடிய கெடுக்கறது பெரும்பாலும் போர் தண்ணிதாங்க.

போர், டேங்கர் தண்ணில இருக்கற சுண்ணாம்புச்சத்து மண்ணுல சேரச் சேர பிஎச் (அமில-கார அளவு) ஏறிடும், அதாவது அமிலத்தன்மை குறைஞ்சிடும், வேர் இரும்புச்சத்த எடுக்க முடியாம இளம் இலையெல்லாம் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். அதப் பாத்துட்டு யூரியா போடாதீங்க, தண்ணிய மாத்துங்க, கூடவே இரும்பு செலேட் (வேர் சுலபமா எடுத்துக்கற இரும்பு உரம்) கொஞ்சம் குடுங்க. மழைத்தண்ணி மாதிரி எதுவும் இல்ல. செப்டம்பர், அக்டோபர் மழைய மொட்டை மாடி பைப்லேர்ந்து மூடி போட்ட டிரம்ல புடிச்சு வைங்க, ஏன்னா மொட்டு பெருக்கற நவம்பர், டிசம்பர்ல மழை குறைஞ்சிடும், அப்பதான் இந்தத் தண்ணி ரொம்பத் தேவை. ஆர்ஓ மெஷின் வெளிய தள்ற தண்ணி வேண்டவே வேண்டாம், அதுல உப்பு இன்னும் ஜாஸ்தி.

தொட்டி 14 இன்ச் போதும். செம்மண், இலைமக்கு, நல்லா அலசி உப்பு எடுத்த கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) மூணும் சமமா கலந்து, தண்ணி தேங்காம இருக்க கொஞ்சம் பெர்லைட் (லேசான வெள்ளைக் குருணை) போடுங்க, பிஎச் 5.5லேர்ந்து 6.5க்குள்ள இருக்கணும். முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் எல்லாம் ரோஜாவுக்குப் போடறவங்க தயவுசெஞ்சு இதுக்குப் போடாதீங்க. வேர் மேலாகவே ஓடும், அதனால ஆழமா புதைக்காம நர்சரி பைல எந்த மட்டத்துல இருந்துச்சோ அதே மட்டத்துல, முடிஞ்சா ஒரு விரல் மேலயே வைங்க, மேல காஞ்ச இலை பரப்பிடுங்க, களைக்கொத்து போட்டுக் கிளறாதீங்க.

காலை வெயில் படற கிழக்கு பால்கனி நல்லது, மேற்கு வெயில் ஏப்ரல்ல இலைய கருக்கிடும். வகை கேட்டு வாங்குங்க, ஜப்பானிகாவ விட சசான்குவா வெயில் தாங்கும், முதல் தடவை வைக்கறவங்களுக்கு நான் அதத்தான் சொல்வேன்.

மொட்டு கொட்டுதுன்னா தண்ணி ஒரு நாள் காஞ்சு ஒரு நாள் ரொம்பி இருக்கான்னு பாருங்க. பூ முடிஞ்ச கையோட கவாத்து பண்ணிடுங்க, தள்ளிப்போட்டா அடுத்த வருஷத்து மொட்டயும் சேத்து வெட்டிடுவீங்க.