கல்லூரியின் முதல் கட்டுரைத் தாளுக்கு ஆயத்தமாவது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்பு வரை முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று மனப்பாடம் செய்து எழுதிய மாணவர், கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ கல்லூரியில் சேர்ந்ததும், எழுத்துப் பயிற்சித் தாளில் சொந்தக் கருத்தைக் கேட்கிறார்களே என்று கலங்குவது இயல்பே. நடை அழகாக அமையாதோ என்ற அச்சம் வேண்டாம். ஆசிரியர் பெரும்பாலும் தேடுவது ஒரு கருத்தையும் அதற்கான சான்றையும்தான்.

முதலில் தலைப்பைச் சுருக்குங்கள். 'காவிரியும் விவசாயமும்' என்று தந்தால், "விவசாயம் நாட்டின் முதுகெலும்பு" என்று தொடங்காதீர்கள். அந்த வரியை எந்த ஊர்க் கட்டுரையிலும் ஒட்டிவிடலாம். "மேட்டூர் அணை வழக்கம்போல் ஜூன் 12 அன்று திறக்கப்படாத ஆண்டுகளில், ஆழ்துளைக் கிணறு இல்லாத கடைமடை விவசாயி குறுவையைக் கைவிட நேர்கிறது" என்று எழுதினால், ஏற்கவோ மறுக்கவோ அதில் ஒரு கூற்று இருக்கிறது. அடுத்து வரும் பத்திகள் அதை நிறுவ வேண்டும்: அணை திறந்த தேதிகளைப் பழைய செய்தித்தாள்களிலும், சாகுபடிப் பரப்பை அரசின் புள்ளிவிவரங்களிலும் பார்த்து, எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். தாத்தா சொன்னதும் சான்றே. ஆனால் அது ஒரு வயலின் அனுபவம் என்பதை மறைக்கக் கூடாது.

எழுதியதை மறுநாள் வாய்விட்டுப் படித்து, மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். ஒற்றுப்பிழைகளைக் கடைசியில் பார்த்தால் போதும். தாள் சிவப்பு மையோடு திரும்பினால், மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மடித்து வைக்காமல், ஓரக்குறிப்பில் விளங்காததை ஆசிரியரிடமே நேரில் கேளுங்கள்.