திக்குவாய்க்கு மூளைச் சத்திரசிகிச்சை: முடிவெடுக்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளைக்குள் மின்முனைகளைப் பொருத்தி மின்சாரத்தால் தூண்டும் ஆழ்மூளைத் தூண்டல் சத்திரசிகிச்சையால் கைநடுக்கம் நின்ற ஒருவரின் காணொளியைப் பார்த்துவிட்டு, திக்குவாயும் அவ்வாறே தீரும் என்று நம்புவதே முதல் தவறு. அமெரிக்காவில் நடுக்க நோய்க்கு 1997இலும் பார்க்கின்சன் நோய்க்கு 2002இலும் அனுமதி பெற்ற இச்சிகிச்சை, சிறுவயதிலிருந்து தொடரும் திக்குதலைப் பொறுத்தவரை இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது. பார்க்கின்சன் நோயாளர் சிலரின் பேச்சு இத்தூண்டலாலேயே குழறியிருக்கிறது. சிறுவயதில் விட்டுப்போன திக்குதல் சிலரிடம் மீண்டும் தலைகாட்டியதும் உண்டு. சீராக வேண்டும் என்று நாம் ஏங்கும் பேச்சே இங்கு பணயமாகிறது என்பதை எவரும் மறக்கலாகாது.

மின்முனைகளை மூளைக்குள் செலுத்தும்போது நூற்றுக்கு ஓரிருவருக்கு இரத்தக்கசிவு ஏற்படலாம். இதைச் சிறிய எண் என்று கடந்துபோவது பெருந்தவறு. கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாத நோயாளி அந்த ஆபத்தை ஏற்பதும், வேறு குறையேதுமின்றித் திக்கிக் கதைக்கும் இளைஞர் ஏற்பதும் ஒன்றல்ல. நேர்முகப் பரீட்சையிலும் பெண்பார்க்கும் வீட்டிலும் அவர் படும் வேதனை மெய்யானது. ஆயினும் அவ்வேதனையின் உச்சத்தில், குடும்பத்தாரின் அவசரத்துக்காக, இம்முடிவை எடுக்கக்கூடாது.

திக்குதல் இடத்துக்கு இடம் மாறும் இயல்புடையது. திருக்கோணேஸ்வரத்தில் சம்பந்தரின் பதிகத்தைத் தடையின்றிப் பாடுபவர், தொலைபேசியில் தம் பெயரைச் சொல்லத் திணறலாம். ஆகவே சத்திரசிகிச்சைக்குப் பின்வந்த சில நல்ல வாரங்களைக் குணமடைந்ததற்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது. 1841இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் திக்குவாய்க்காக நாக்கின் தசையை வெட்டியபோதும் தொடக்கத்தில் வெற்றி என்றே பேசப்பட்டது. பின்னர் அம்முறை கைவிடப்பட்டது.

ஒருநாளில் முடியும் சிகிச்சை என எண்ணுவதும் தவறு. நெஞ்சுத் தோலின்கீழ் வைக்கப்பட்டு மின்முனைகளுக்கு மின்சாரம் செலுத்தும் கருவியின் மின்னழுத்தத்தைப் பலமுறை சீர்செய்ய வேண்டும். மின்கலத்தைச் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்ற நேரலாம். கிருமித்தொற்று ஏற்பட்டால் கருவியையே அகற்றவும் கூடும். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ ஒவ்வொரு முறையும் செல்லும் செலவையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

பேச்சுச் சிகிச்சையை இரண்டு அமர்வுகளோடு கைவிட்டுவிட்டு, அது பயனளிக்கவில்லை என்று சத்திரசிகிச்சையை நாடுவோரும் உள்ளனர். பேச்சுச் சிகிச்சையைப் போதிய காலம் ஒழுங்காகத் தொடர்ந்த பின்பே, பேச்சு மேலும் கெட்டால் கருவியை நிறுத்தியதும் பழைய நிலை திரும்புமா என்பதை நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும்.