கற்குவையா, பொறுக்கிப் போட்ட கல்லா?

தரிசில் நடக்கும்போது ஒரு கல்மேடு கண்ணில் பட்டதும் பெருங்கற்காலப் புதைகுழி, அதாவது பெரிய கற்களை வைத்து இறந்தவர்களைப் புதைத்த பழங்கால இடம், என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உழவுக்கு இடைஞ்சலான கற்களைப் பொறுக்கிக் குவிப்பது இன்றும் நடக்கிறது. அந்தக் குவியல் பெரும்பாலும் வரப்பை ஒட்டி இருக்கும், எல்லாம் கையில் தூக்கக்கூடிய கல், இடையில் மண் பிடித்திருக்காது, காலை வைத்தால் உருளும். கற்குவை, அதாவது அந்தப் புதைகுழியின் மேல் குவித்த கல்மேடு, அப்படியில்லை. மேட்டை விட்டுவிட்டு அதன் விளிம்பைச் சுற்றி மெதுவாக நடங்கள்: பெரிய பெரிய கற்கள் பாதி மண்ணுக்குள் புதைந்து, ஒன்றையடுத்து ஒன்றாக வளைந்து போனால் அது கல்வட்டம். நாலைந்து கல்லை யாராவது பெயர்த்துக்கொண்டு போயிருந்தாலும் மீதியை வைத்து வளைவைப் பிடித்துவிடலாம். நடுவில் பலகைக்கல்லின் முனை தெரிந்தால் கீழே கற்பதுக்கை, அதாவது பலகைக்கற்களால் பெட்டிபோல் அமைத்த கல்லறை, இருக்க நல்ல வாய்ப்பு.

காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் போங்கள், உச்சிவெயிலில் தாழ்ந்த மேடு தரையோடு தரையாகத்தான் தெரியும். ஒன்று கிடைத்தால் சுற்றிலும் தேடுங்கள், இவை கூட்டமாக இருப்பதே வழக்கம். உள்பக்கமும் விளிம்பும் கருப்பாக, வெளியே கீழ்ப்பகுதி சிவப்பாக இருக்கும் பானை ஓடு கிடந்தால் சந்தேகம் பாதி தீர்ந்தது. ஆனால் ஆதிச்சநல்லூர் போன்ற தாழிக்காடுகளில், அதாவது இறந்தவர்களைப் பெரிய மண்தாழிகளில் வைத்துப் புதைத்த இடங்களில், மேலே கல்வட்டம் எதுவும் இருக்காது, மழை அரித்த சரளை மண்ணில் தடித்த தாழியின் வாய் வட்டமாகத் தெரிவதுதான் அடையாளம். ஊர்ப் பெரியவர்களிடமும் கேளுங்கள், இந்தப் புதைகுழிகளுக்கு ஊரார் வழங்கும் பெயர்களான பாண்டவர் குழி, குள்ளர் வீடு, வாலியர் வீடு என்று யாராவது சொன்னால் அந்த இடத்துக்குக் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

சரி, எப்படிப் பதிவு செய்வது? நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு மேட்டுக்கும் ஓர் எண் கொடுங்கள். போனில் அட்சரேகை, தீர்க்கரேகை, அப்புறம் ஊர், வட்டம், சர்வே எண். தெற்கு வடக்காக ஒரு அளவு, கிழக்கு மேற்காக ஒரு அளவு, உயரம், வட்டத்தில் மிஞ்சிய கற்களின் எண்ணிக்கை. நான்கு பக்கமும் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு மீட்டர் குச்சியை நிறுத்தி. அளவுகோல் இல்லாத படம் என்னைப் பொறுத்தவரை பாதிப் படம்தான். ஜேசிபி தடம், குழி, உழவு எது இருந்தாலும் எழுதுங்கள்.

தோண்டாதீர்கள், ஒரு பானை ஓட்டைக்கூட எடுக்காதீர்கள். மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். துல்லியமான இடத்தை முகநூலில் போடவும் வேண்டாம், புதையல் தேடுபவர்கள் நமக்கு முன்னால் போய்விடுவார்கள். குறிப்பையும் படங்களையும் மாநிலத் தொல்லியல் துறைக்கோ மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ அனுப்புங்கள். அடுத்த கோடையில் அதே இடங்களில் நின்று அதே படங்களை மறுபடி எடுங்கள், எந்தக் கல் நகர்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.