பழைய போர்க்கால வேடக் காமெடியைத் திரையிட்டுப் பேசவைப்பது எப்படி

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கல்லூரித் திரைப்பட மன்றம் நடத்துகிறவர்கள் பாலினம் பற்றிப் பேச ஒரு பழைய படம் தேடினால், 1949இல் வந்த ‘ஐ வாஸ் எ மேல் வார் பிரைட்’ தோதானது. இயக்கம் ஹோவர்ட் ஹாக்ஸ். நடிப்பு கேரி கிராண்ட், ஆன் ஷெரிடன். படம் 105 நிமிடம். பேச்சையும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு அறை கேட்டு வாங்குங்கள்.

போஸ்டரில் ‘ஆண் பெண்வேடம் போடும் படம்’ என்று போடாதீர்கள். கூட்டம் வரும்தான். ஆனால் குதிரையின் வால்முடியில் செய்த விக்கும் பெண்படைச் சீருடையும் வருவது கடைசிப் பகுதியில். அதுவரை பையன்கள் செல்போனை நோண்டுவார்கள். அதனால் கதையை முன்பே சொல்லிவிடுங்கள். போர் முடிந்த ஜெர்மனியில் ஒரு பிரெஞ்சு கேப்டன், அமெரிக்கப் பெண்படை அதிகாரி ஒருத்தியை மணக்கிறார். அவளோடு அமெரிக்கா போக 1945 டிசம்பரில் வந்த போர் மணமகள் சட்டத்தை, அதாவது அமெரிக்கப் படையினரின் வெளிநாட்டுத் துணைகளை நாட்டுக்குள் விடும் சட்டத்தை, பிடித்துக்கொள்கிறார். சட்டத்தின் வாசகத்தில் கணவனுக்கும் இடம் உண்டு. தங்குமிடம், படிவம், கப்பல் எல்லாம் மனைவிமார்தான் வருவார்கள் என்ற கணக்கில் இருக்கின்றன. சிரிப்பே அங்கேதான்.

வசனம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசும் வேகம். சப்டைட்டில் கட்டாயம், எதிரொலிக்கும் கூடத்தில் அது இல்லாமல் பாதி நகைச்சுவை போய்விடும். பகல் காட்சியென்றால் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள்.

ஆளுக்கொரு தாள் கொடுங்கள், மூன்று பத்தி: வண்டி யார் கையில், அனுமதிச் சீட்டு யாரிடம், எதைப் பார்த்துச் சிரித்தோம். முதல் பத்தி சீக்கிரமே நிரம்பும்: மோட்டார்சைக்கிளை அவள் ஓட்டுகிறாள், கேப்டன் பக்கப்பெட்டியில். மூன்றாவது பத்தியை விளக்கு போட்டதும் எழுதச் சொன்னால் எல்லோரும் விக்கைத்தான் எழுதுவார்கள். படம் ஓடும்போதே குறிக்க வேண்டும். அதிகாரி படிவத்தை நிரப்பிக்கொண்டே, ‘பெண்களுக்கான உபாதை ஏதும் உண்டா’ என்று கேப்டனைக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். கேலி யார் மேல்? ஆண் மேலா, படிவத்தின் மேலா? இந்த ஒரு கேள்விக்கே இருபது நிமிடம் ஒதுக்கலாம்.

அடுத்து மெலட்டூருக்கு வாருங்கள். தஞ்சாவூர் பக்கத்து ஊரான அங்கே பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தில் பெண் பாத்திரங்களை ஆண்களே ஏற்கிறார்கள். ‘பிரகலாத சரித்திர’த்தில் பிரகலாதனின் தாய் லீலாவதி அழும்போது யாரும் சிரிப்பதில்லை. ஸ்திரீபார்ட், அதாவது நாடகத்தில் ஆண்கள் போடும் பெண்வேடம், பார்த்து வளர்ந்த தாத்தாக்கள் ஊரில் இருந்தால் ஒருவரைக் கூட்டிவாருங்கள். ஆண் சேலை கட்டினாலே சிரிப்பு என்பது இயல்பான விதி அல்ல, கலை வகையைப் பொறுத்தது என்பது அப்போது தானாக விளங்கும். கிராண்ட் நளினம் காட்டப் பெரிதாக மெனக்கெடவே இல்லை என்பதையும் இங்கே எடுத்துக்காட்டுங்கள். வேடம் பொருந்தாததுதான் அவருடைய நகைச்சுவை.

பன்முகத்தன்மையைப் பேச, திரையில் இல்லாதவர்களைக் கேளுங்கள். அமெரிக்கப் படையில் இனப் பிரிவினையை ஒழிக்க அதிபர் ட்ரூமன் ஆணையிட்டது 1948 ஜூலையில்தான். போர் மணமகள் சட்டத்திலிருந்த இனத்தடை, ஆசிய மனைவிகளுக்காக 1947இல்தான் தளர்ந்தது. கேப்டன் வெள்ளைக்காரர் என்பதால் இந்தச் சிக்கல் கதைக்குள் வரவே இல்லை. ஜெர்மானியர்களோ பெரும்பாலும் பின்னணி.

பெரிதாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: ‘அப்போ இது திருநங்கை பற்றிய படமா?’ என்று யாராவது கேட்பார்கள். இல்லை. இங்கே வேடம் கப்பலேறும் தந்திரம், அடையாளம் அல்ல. இதை முன்னுரையிலேயே சொல்லிவிட்டால் விவாதம் திசைமாறாது. திருநங்கை ஒருவரைப் பேச அழைப்பதானால் படத்தை முன்கூட்டியே காட்டி, விருப்பம் கேட்டு, மற்றப் பேச்சாளருக்குக் கொடுக்கும் அதே சன்மானத்தைக் கொடுங்கள். உடல், அறுவை பற்றிய கேள்விகள் வேண்டாம் என்பதை மேடையேறும் முன்பே அறிவித்துவிடுங்கள்.