எண்ணுவதா, பேசிக் கேட்பதா? ஆய்வுமுறையைத் தேர்ந்தெடுக்கும் வழி

முதுகலை, முனைவர் பட்ட ஆய்வுகளில் தலைப்பு கிடைத்த மறுவாரமே வினாப்பட்டியல் தயாராகிவிடுகிறது. ஐந்து புள்ளி அளவுகோல், நூறு பேர், சதவீத அட்டவணை. அந்த அட்டவணை எந்தக் கேள்விக்குப் பதில் என்ற யோசனை பிறகுதான் வருகிறது. இந்த வரிசையைத் திருப்பிப்போடுங்கள். ஆய்வேட்டின் கடைசி இயலில் எழுத விரும்பும் முடிவை, தெரியாத இடங்களைக் காலியாக விட்டு, இன்றே எழுதிப் பாருங்கள். காலியிடத்தில் என்ன வந்து உட்கார வேண்டும் என்பதை வைத்தே முறையைத் தேர்ந்துவிடலாம்.

தமிழ்நாட்டில் 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதைப் பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். “இந்த ஒன்றியத்தில் 18 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ___ சதவீதத்தினர் வாரத்தில் மூன்று நாளாவது இந்தப் பேருந்தில் போகிறார்கள்” என்று எழுதினால் காலியிடத்துக்கு ஓர் எண் வேண்டும். இது அளவுசார் ஆய்வு. “வெளியே கிளம்ப வீட்டில் சம்மதம் வாங்கும் விதம் ___ மாறியிருக்கிறது” என்றால் அங்கே விவரிப்பு வேண்டும். இது பண்புசார் ஆய்வு. “இத்திட்டத்தால் வேலைக்குப் போகும் பெண்கள் ___ சதவீதம் கூடினார்கள்” என்ற மூன்றாவது வாக்கியமும் எண்ணைத்தான் கேட்கிறது. ஆனால் முதலாவதைவிடப் பல மடங்கு கடினமானது.

ஏன் என்றால், திட்டம் தொடங்கி இரண்டே நாளில், மே 10-ல், கொரோனா இரண்டாம் அலைக்கான முழு ஊரடங்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டும் ஊரடங்கில் கழிந்த ஆண்டு. 2020-ஐயும் 2022-ஐயும் ஒப்பிட்டால் தெரியும் கூடுதலில் பேருந்துக்கு எவ்வளவு பங்கு, ஊரடங்கு விலகியதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கவே முடியாது. நகரப் பேருந்து வராத ஊர்களோடு ஒப்பிடலாமே என்று தோன்றும். அந்த ஊர்கள் வேலைவாய்ப்பிலும் பின்தங்கியிருக்கக்கூடும். திட்டத்துக்கு முன்பு இரண்டு வகை ஊர்களும் ஒரே போக்கில் இருந்தன என்று காட்டும் தரவு கையில் இருந்தால்தான் அந்த ஒப்பீடு நிற்கும். அது இல்லாவிட்டால் கேள்வியை முதல் அல்லது இரண்டாம் வகைக்கு இறக்கிக்கொள்வதே நேர்மை. வழிகாட்டிக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனாலும் அதுதான் சரி.

யாரைக் கேட்பது

பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு வருகிறவர்களிடம் கேட்பது எளிது. அங்கேதான் பெரிய பிழை நுழைகிறது. ஓர் ஊரில் வாரம் ஆறு நாள் பயணிக்கும் பெண்கள் 10 பேர், வாரம் ஒரே நாள் பயணிப்பவர்கள் 10 பேர். அந்த ஆறு நாள்களில் ஏதாவது ஒரு நாள் நீங்கள் போய் நின்றால், முதல் வகையில் பத்துப் பேரும் கண்ணில் படுவார்கள். இரண்டாம் வகையில் சராசரியாக இரண்டு பேர்கூடப் பட மாட்டார்கள். உண்மையில் பாதியாக இருப்பவர்கள் உங்கள் அட்டவணையில் 86 சதவீதம் ஆகிவிடுவார்கள். பேருந்தே ஏறாத பெண் அங்கே இருக்கவே மாட்டார். கட்டணமில்லாப் பயணச்சீட்டுகளின் கணக்கும் பயணங்களை எண்ணுகிறதே தவிர ஆட்களை அல்ல.

ஆகவே வீடுகளிலிருந்து தொடங்குங்கள். ஊர்களைச் சமவாய்ப்பில் தேர்ந்து, ஒவ்வோர் ஊரிலும் வீடுகளைப் பட்டியலிட்டு, சம இடைவெளியில் எடுங்கள். வீட்டுக்குள் யாரிடம் கேட்பது என்பதற்கும் விதி வேண்டும்: அடுத்த பிறந்தநாள் யாருக்கு முதலில் வருகிறதோ அவரிடம். காலை பத்திலிருந்து மாலை ஐந்துக்குள் மட்டும் கதவைத் தட்டினால் வேலைக்குப் போன பெண்கள் முழுக்க விடுபடுவார்கள். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டும். பூட்டியிருந்த வீட்டுக்கு மூன்று முறையாவது திரும்பிப் போகாமல் பக்கத்து வீட்டை எடுக்காதீர்கள்.

எத்தனை பேர்? 95 சதவீத நம்பிக்கை அளவில், கூட்டல் கழித்தல் 5 புள்ளி துல்லியத்துக்கு 385 பேர் என்ற எண் எல்லா ஆய்வேட்டிலும் இருக்கிறது. அது தனித்தனி ஆட்களைச் சமவாய்ப்பில் எடுக்கும்போது பொருந்தும் எண். ஊருக்கு 20 பேர் என்று கொத்தாக எடுத்தால், ஒரே ஊர்க்காரர்களின் பதில்கள் ஒன்றுபோல் இருப்பதால் தகவல் குறைகிறது. உள்கொத்து ஒட்டுறவு, அதாவது ஒரே ஊர்க்காரர்களின் பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு, 0.05 என்றால், 1 + (20 − 1) × 0.05 = 1.95. 385-ஐ இதால் பெருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய 750 பேர் வேண்டும். பத்து சதவீதத்தினர் பதில் தர மாட்டார்கள் என்று வைத்து 0.9-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 835. அவ்வளவு முடியாது என்றால் ஊருக்கு 8 பேர் என்று குறைத்து, ஊர்களைக் கூட்டுங்கள். பெருக்கல் எண் 1.35 ஆகிவிடும், பதில் தராதவர்களைச் சேர்க்காமல் 520 பேர் போதும்.

பெரிய எண்ணிக்கை தவறான பட்டியலைச் சரிசெய்யாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு அட்டைகள் திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்று இதழ் கணித்தது. ரூஸ்வெல்ட் பெரும் வெற்றி பெற்றார். வாட்ஸ்அப் குழுக்களில் கூகுள் ஃபார்ம் அனுப்பி ஆயிரம் பதில் வாங்குவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பேசிக் கேட்கும்போது

பண்புசார் முறையை எளிய வழி என்று எடுப்பவர்கள் பாதியில் திணறுவார்கள். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்கவே நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். பேச்சு வழக்கை அப்படியே எழுதுங்கள்; எழுத்துத் தமிழாக மாற்றினால் தயக்கமும் இழுவையும் போய்விடும், பல சமயம் செய்தி அங்கேதான் இருக்கிறது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சம்மதம் பற்றிய கேள்வி வேண்டாம். “பேருந்தால் சுதந்திரம் கிடைத்ததா?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். “கடைசியாகத் தனியாக எங்கே போனீங்க? கிளம்பும் முன் வீட்டில் என்ன பேச்சு நடந்தது?” என்று கேளுங்கள்.

எத்தனை நேர்காணல் என்பதற்கு 2006-ல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் செய்த ஆய்வை எல்லோரும் காட்டுவார்கள். கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களில், பெரும்பாலான கருத்துகள் முதல் 12-க்குள் வந்துவிட்டன. ஆனால் அவர்கள் ஓரளவு ஒரே மாதிரியான சூழலில் இருந்தவர்கள், கேள்விகளும் ஒன்றே. கல்லூரி மாணவி, கட்டட வேலைக்குப் போகிறவர், பேத்தியைப் பார்க்கப் போகும் முதியவர் என்று உங்கள் ஆட்கள் பிரிந்தால் ஒவ்வொரு பிரிவையும் தனியாகப் பாருங்கள். தொடர்ந்து மூன்று நேர்காணலில் புதிதாக எதுவும் வரவில்லை என்றால் அந்தப் பிரிவை நிறுத்தலாம்.

குறியீடு இடுவதை, அதாவது ஒவ்வொரு பேச்சுத்துண்டும் எந்தக் கருத்தைச் சேர்ந்தது என்று பெயரிடுவதை, இரண்டு பேர் தனித்தனியே செய்து ஒப்பிடுங்கள். 90 சதவீதம் ஒத்துப்போனது என்று எழுதினால் மட்டும் போதாது. நூறு பேச்சுத்துண்டுகளில் “பாதுகாப்பு பயம்” என்று இருவரும் குறித்தவை 5, இருவரும் குறிக்காதவை 85, ஆளுக்கு ஐந்தாகத் தனித்துக் குறித்தவை 10 என்றால் ஒப்பு 90 சதவீதம்தான். ஆனால் தற்செயலாகவே 82 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். தற்செயல் ஒப்பைக் கழித்துவிட்டு அளக்கும் கோஹன் கப்பா 0.44 மட்டுமே. குறியீட்டின் வரையறையைத் திருத்தி, மறுபடி குறிக்க வேண்டும்.

இரண்டும் சேரும்போது

தலைப்பில் கலப்புமுறை என்று போட்டுவிட்டு, நான்காம் இயல் அட்டவணை, ஐந்தாம் இயல் மேற்கோள் என்று பிரித்து வைப்பது கலப்பு ஆகாது. ஒன்று மற்றொன்றை வழிநடத்த வேண்டும். தெரியாத களமானால் முதலில் 10, 15 நேர்காணல்; அதில் மக்கள் சொன்ன காரணங்களே வினாப்பட்டியலின் விடைத் தெரிவுகளாக வரட்டும். ஏற்கெனவே கணக்கெடுப்பு இருந்தால், அதில் விளங்காத பிரிவைப் பிடியுங்கள்: பேருந்து வசதி இருந்தும் ஏறாதவர்கள் யார், அவர்களிடம் போய்ப் பேசுங்கள்.

இரண்டு விடைகளும் முரண்பட்டால் ஒன்றை மறைக்காதீர்கள். “தனியாகப் போக யாரிடமும் கேட்பதில்லை” என்று வினாப்பட்டியலில் குறித்தவரே, நேர்காணலில் கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன் என்பார். முதலில் கேள்வி கேட்ட இடத்தையும் கூட இருந்தவர்களையும் சரிபாருங்கள். பிறகு கேட்பதும் சொல்லிவிட்டுப் போவதும் அவர்களுக்கு ஒன்றா வேறா என்று அவர்களிடமே திரும்பக் கேளுங்கள். வேறு என்றால் வினாப்பட்டியலில் அவை இரண்டு கேள்விகளாகப் பிரிய வேண்டும், பழைய சதவீதத்தை ஆய்வேட்டில் அந்தக் குறிப்போடுதான் தர வேண்டும்.