மாட்டிக்கொள்கிற ரிம் எல்லாம் பொருந்துகிற ரிம் அல்ல

காருக்கு அலாய் (இரும்புக்குப் பதில் அலுமினியக் கலவையில் செய்த சக்கர ரிம்) போட நினைப்பவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி "15 இன்ச் இருக்கா?" என்பதுதான். அடுத்தது விலை. போல்ட் துளைகளின் கணக்கைக் கடைக்காரராகப் பார்த்துச் சொன்னால் உண்டு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி இடங்களில் புது செட் வாங்கினால் கார் பெயரைச் சொன்னதும் சரியானதை எடுத்து வைத்துவிடுவார்கள். வம்பெல்லாம் பழைய சாமானில்தான். புதுப்பேட்டையில் அடுக்கிக் கிடக்கும் ரிம், நண்பர் தன் காரிலிருந்து கழற்றித் தந்த செட், போட்டோவை மட்டும் பார்த்து ஆன்லைனில் வாங்கியது, இவற்றில் மாட்டிக்கொண்டு விழிப்பவர்களே அதிகம்.

ஹப்பில், அதாவது காரில் ரிம் மாட்டும் நடுப்பாகத்தில், ஏறவே ஏறாத ரிம்மால் ஆபத்து இல்லை. காசு நஷ்டம், அவ்வளவுதான். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தோடு எப்படியோ ஏறி உட்கார்ந்துவிடும் ரிம்தான் நெடுஞ்சாலையில் வேலையைக் காட்டும்.

முதல் தவறு, துளைகளை எண்ணிப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுவது. "நாலு போல்ட் வண்டி, நாலு போல்ட் ரிம்" என்ற கணக்கு பாதிதான். துளைகளின் மையங்கள் வழியே ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம் எவ்வளவு என்பதுதான் மீதிப் பாதி. கடைகளில் பிசிடி என்பார்கள். ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20 எல்லாம் 4×100, அதாவது நாலு துளை, 100 மில்லிமீட்டர் விட்டம். ஃபோர்டு ஃபிகோ, எக்கோஸ்போர்ட் 4×108. பழைய ஃபியட் பாலியோ 4×98. ஐந்து துளையில் போலோ 5×100, கிரெட்டாவும் இன்னோவாவும் 5×114.3. ஜிம்னிக்கு 5×139.7, ஃபார்ச்சூனருக்கு ஆறு துளையோடு அதே 139.7. இந்த வினோதமான தசமங்களுக்குக் காரணம் அங்குலம்தான்: 114.3 என்பது நாலரை அங்குலம், 139.7 என்பது ஐந்தரை.

கம்பெனி பெயரை நம்புவதும் இதே வகைத் தவறுதான். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கு, ஏன், ஒரே மாடலின் இரண்டு தலைமுறைகளுக்கே பிசிடி மாறும். பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் எஃப்30 தலைமுறையில் 5×120. அடுத்து வந்த ஜி20-யில் 5×112.

அளக்கும்போது நடக்கும் தவறைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். நாலு துளையோ ஆறு துளையோ என்றால் எளிது: நேர் எதிரே உள்ள இரண்டு துளைகளின் மையத்துக்கு மையம். ஐந்து துளையில் நேர் எதிரே துளையே கிடையாது. அதனால் பலர் ஒன்றை விட்டு அடுத்த துளைக்கு டேப்பை நீட்டி, வந்த எண்ணைப் பிசிடி என்று எழுதிக்கொள்கிறார்கள். அந்தத் தூரம் உண்மையான பிசிடியில் ஏறக்குறைய 95 சதவீதம்தான். விளைவைப் பாருங்கள்: 5×120 ரிம்மை இப்படி அளந்தால் 114.1 வரும். "ஆகா, 114.3தான்" என்று தோன்றிவிடும். 5×114.3 ரிம்மோ 108.7 காட்டும், அதை 5×108 என்று நினைத்துவிடலாம். தப்பான அளவு, நிஜமாகவே இருக்கிற இன்னொரு அளவின் வேஷத்தில் வந்து நிற்பதால் சந்தேகமே எழாது.

சரியான வழி, பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையத் தூரத்தை அளந்து 1.7-ஆல் பெருக்குவது. 5×114.3-க்கு இந்தத் தூரம் 67.2 மில்லிமீட்டர், 5×112-க்கு 65.8, 5×108-க்கு 63.5, 5×100-க்கு 58.8. மையம் எங்கே என்று கண்ணால் குறி பார்க்கவும் வேண்டாம். ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து அடுத்த துளையின் இடது விளிம்பு வரை அளந்தாலே போதும். 112-க்கும் 114.3-க்கும் இடையே இந்த அளவில் வெறும் 1.4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். தையல்காரர் டேப் இதற்கு உதவாது, வெர்னியர் காலிப்பர் வேண்டும். ரிம்மின் பின்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தால் பல சமயம் பிசிடியே பொறித்திருக்கும். அதையும் காரின் ஹப்பையும் ஒப்பிட்ட பிறகு காசை எடுங்கள்.

5×112 ஹப்பில் 5×114.3 ரிம்மை ஏற்றினால் ஒவ்வொரு துளையும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விலகி நிற்கும். துளை போல்ட்டைவிடப் பெரிது என்பதால் ரிம் உள்ளே போய்விடும். நட்டின் கூம்பு ஒரு பக்கம் மட்டும் அழுத்தி, ஸ்டட்டை (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் மரை போட்ட கம்பி) வளைத்தபடி இறுகும். இறுகியது போலத்தான் கைக்குத் தெரியும். ஓட ஓட நட் தளரும், அல்லது வளைந்த ஸ்டட் சோர்ந்து முறியும். கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு: வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்து எல்லா நட்டையும் விரலாலேயே கடைசி வரை திருகிப் பாருங்கள். எல்லாமே சீட்டில் (ரிம்மில் நட் உட்காரும் குழி) போய் உட்கார வேண்டும். கடைசி ஒன்றுக்கு மட்டும் ஸ்பேனர் கேட்டால் அந்த ரிம் உங்கள் வண்டிக்கு இல்லை. கடைப் பையன் நேரே கன்னை (நட்டை இறுக்கும் மெஷின்) எடுத்து அடித்துவிட்டால் இந்த எச்சரிக்கை உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

பிசிடி சரியாக இருந்தும் தப்பாகும் கதை ஒன்று. ஹோண்டா சிட்டியின் 4×100 கம்பெனி அலாயை ஸ்விஃப்ட்டில் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். துளைகள் அச்சாகப் பொருந்தும். ஆனால் சிட்டி ரிம்மின் நடுத்துளை 56.1 மில்லிமீட்டர், ஸ்விஃப்ட் ஹப் 54.1. ரிம் நடுவில் சரியாக உட்காராவிட்டால் வேகம் ஏறும்போது ஸ்டியரிங் ஆடும். எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் போகாது. இதற்கு அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போட்டுச் சமாளிக்கலாம், மலிவுதான். அடுத்தது நட். ஹோண்டா ரிம்மில் நட் உட்காரும் இடம் உருண்டைக் குழி. ஸ்விஃப்ட் நட் கூம்பு. கூம்பை உருண்டைக் குழியில் இறுக்கினால் மெல்லிய ஒரு கோட்டில்தான் பிடிக்கும். சரி, ஹோண்டா நட்டையே போடலாமே என்றால் அதன் மரை 12×1.5 (12 மில்லிமீட்டர் தடிமன், மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர்), ஸ்விஃப்ட் ஸ்டட்டின் மரை 12×1.25. இரண்டு சுற்று ஏறும், அப்புறம் மக்கர் செய்யும். கன் போட்டால் ஏறிவிடும், மரையைத் தின்றுகொண்டு. ரிம் வாங்கும்போதே அதற்கேற்ற சீட்டும் உங்கள் ஸ்டட்டுக்கேற்ற மரையும் உள்ள நட்டைச் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

அலாய் தடித்தது என்பதால் நட் எவ்வளவு ஆழம் பிடிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 12×1.5 மரையில் குறைந்தது 8 சுற்று, 12×1.25-ல் ஏறக்குறைய 10 சுற்று ஏறியிருக்க வேண்டும். போலோ மாதிரி ஸ்டட் இல்லாமல் போல்ட் போடும் வண்டிகளில் எதிர்ப்பக்கமும் கவனம் தேவை: போல்ட் அளவுக்கு மீறி நீண்டால் பின்னால் உள்ள பாகத்தில் இடிக்கும்.

8 துளை உள்ள ரிம்மைப் பார்த்து மிரள வேண்டாம். 100-ம் 108-மாக இரண்டு நாலு-துளை செட் ஒரே ரிம்மில் இருக்கும், அவ்வளவுதான். லேத்தில் துளையை அடைத்து வேறு இடத்தில் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைத்துப் பிசிடியை மாற்றும் அடாப்டரை அந்த அளவுக்கு ஒதுக்க மாட்டேன், ஆனால் அது சக்கரத்தை 20 மில்லிமீட்டருக்கு மேலேயே வெளியே தள்ளும். ஆப்செட்டும், அதாவது ரிம்மின் அகலத்து நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதும், இதே கணக்குதான். அகலம் மாறாமல் 45 ஆப்செட் ரிம்முக்குப் பதில் 20 போட்டால் சக்கரம் 25 மில்லிமீட்டர் வெளியே வரும். திருப்பும்போது ஃபெண்டரில் உரசும், பேரிங்கும் சீக்கிரம் போகும்.

இறுக்குவதற்குச் சிறிய கார்களில் 85 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை கேட்பார்கள். உங்கள் வண்டியின் எண் மேனுவலில் இருக்கும். நட்சத்திர வரிசையில் (அடுத்தடுத்து இல்லாமல் எதிரெதிராக) இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி பாருங்கள். புது அலாயில் நட் கொஞ்சம் இறங்கி உட்காரும்.

ஸ்டெப்னியைப் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நாலு சக்கரமும் அலாய், டிக்கியில் பழைய இரும்பு ரிம் என்றால் அலாய் நட் அதற்குச் சரிப்படாமல் போகலாம். பழைய நட் ஒரு செட்டைப் பையில் கட்டி ஸ்டெப்னியோடேயே போட்டு வையுங்கள். புது நட்டுக்கு உங்கள் வீல் ஸ்பேனர் பொருந்துகிறதா என்பதையும் வீட்டு வாசலிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.