கிளெரிக் எடுத்தாச்சு, எந்த டொமைன்?

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, டைஸ் உருட்டிக் கதையாக ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டக் குழுவில் புதிதாகச் சேர்ந்தால், "கிளெரிக் யாரும் எடுக்கலை, நீங்க எடுத்துக்கறீங்களா?" என்று கேட்பார்கள். கிளெரிக் என்றால் தெய்வ சக்தியால் மந்திரம் போடும் பூசாரி வகுப்பு. தலையாட்டியதும் அடுத்த கேள்வி வரும்: எந்த டொமைன்? உங்கள் பாத்திரம் கும்பிடும் தெய்வம் எதற்கு அதிபதியோ, அதுதான் டொமைன். அது மாறினால் நீங்கள் ஆடும் விதமே மாறிவிடும்.

படி 1: எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்

2014 பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிப் புத்தகத்தில் ஏழு டொமைன்கள்: லைஃப், லைட், டெம்பெஸ்ட், வார், நேச்சர், நாலெட்ஜ், டிரிக்கரி. முதல் லெவலிலேயே முடிவு செய்தாக வேண்டும். 2024 பதிப்பில் லைஃப், லைட், டிரிக்கரி, வார் என நான்குதான். தேர்வு மூன்றாம் லெவலில். கொஞ்சம் ஆடிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பதால் புதியவர்களுக்கு இதுவே வசதி. இங்கே நான் சொல்லும் கணக்குகள் 2014 விதிப்படி.

துணைப் புத்தகங்களில் வந்த ஃபோர்ஜ், கிரேவ், ட்வைலைட் போன்றவற்றுக்கு டிஎம் (கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்) அனுமதி வேண்டும். ட்வைலைட் ரொம்பவே பலசாலி. சில டிஎம்கள் பெயரைக் கேட்டதுமே முகம் சுளிப்பார்கள்.

படி 2: கதை எங்கே நடக்கிறது?

கதையைச் சொல்லச் சொல்லாதீர்கள். எதிரிகள் எந்த வகை என்று மட்டும் டிஎம்மிடம் கேளுங்கள். பிணங்களும் ரத்தக்காட்டேரிகளும் என்றால் எந்த கிளெரிக்கும் கொண்டாடலாம். 1974இல் முதல் பதிப்பு வருவதற்கு முன்பே, இந்த ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னசனின் பிளாக்மூர் ஆட்டத்தில் சர் ஃபாங் என்ற ரத்தக்காட்டேரியை அடக்கத்தான் இந்த வகுப்பே பிறந்தது. நரகத்தில் நடக்கும் கதையா? டெவில்களுக்குப் பொதுவாக நெருப்பு உறைக்காது, எனவே லைட்டின் ஃபயர்பால் அங்கே வீண். நகரம், சதி, உளவு என்றால் டிரிக்கரியும் நாலெட்ஜும் எடுபடும்.

படி 3: யாருக்கும் அடிபடாதபோது என்ன செய்வீர்கள்?

தேர்வு உண்மையில் இங்கேதான். "கிளெரிக் என்றால் வைத்தியர், அதனால் லைஃப்" என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஹீலிங் வேர்ட் எல்லா கிளெரிக்குக்கும் கிடைக்கும், காயம் ஆற்றும் ஸ்பெல் (மந்திரம்). 60 அடி தூரத்திலிருந்து, போனஸ் ஆக்ஷனில் (உங்கள் முறையில் வழக்கமான செயலோடு கூடுதலாகச் செய்யும் சிறு செயல்), விழுந்து கிடப்பவரை எழுப்பிவிடலாம். அதே டர்னில் ஒரு கேன்ட்ரிப்போ (எத்தனை முறை வேண்டுமானாலும் போடும் சிறு மந்திரம்) ஆயுத அடியோ மிச்சம் இருக்கும். எதிரி அடிக்கும் வேகத்துக்கு ஈடாகக் காயம் ஆற்றிக்கொண்டே இருக்க இந்த ஆட்டத்தில் முடியாது. விழுந்தவரை எழுப்பினால் போதும். மீதி நேரம் உங்களுடையது.

*லைஃப்:* ஆற்றும் ஒவ்வொரு ஸ்பெல்லிலும் ஸ்பெல் லெவலோடு 2 கூட்டிக் கூடுதல் உயிர்ப்புள்ளி. கனமான கவசமும் உண்டு. நம்பகமானது, கொஞ்சம் சலிப்பானது.

*லைட்:* நெருப்பால் அடிக்க ஆசைப்படுவோருக்கு. முதலில் பர்னிங் ஹேண்ட்ஸ், ஐந்தாம் லெவலில் ஃபயர்பால். கனமான கவசம் கிடையாது, எனவே பின்வரிசை.

*டெம்பெஸ்ட்:* 2014 விதியில் ஆடும் புதியவருக்கு என் சிபாரிசு இதுதான். ஐந்தடிக்குள் நிற்பவன் உங்களை அடித்தால் ரியாக்ஷனில் (பதிலுக்கு உடனே செய்யும் செயல்) 2 எட்டுமுக டைஸ் அளவுக்கு மின்னல் திருப்பி அடிக்கும். இரண்டாம் லெவலில் சேனல் டிவினிட்டி (தெய்வ சக்தியை நேரடியாக வெளிப்படுத்தும் திறன்) வந்ததும், இடி, மின்னல் சேதத்துக்கு டைஸ் உருட்டாமலே முழு எண்ணை எடுத்துக்கொள்ளலாம். 2 எட்டுமுக டைஸ் உருட்ட வேண்டிய தண்டர்வேவ் என்ற இடி மந்திரம் அப்படியே 16. மேஜையில் எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

*வார்:* போனஸ் ஆக்ஷனில் கூடுதல் அடி உண்டு, ஆனால் ஒரு நாளைக்குச் சில முறைதான். எப்போதும் வாளும் கையுமாக நிற்க ஆசையென்றால் பேசாமல் பாலடின் (தெய்வ சக்தி கொண்ட போர்வீரர் வகுப்பு) எடுங்கள்.

*மற்றவை:* நாலெட்ஜும் டிரிக்கரியும் டிஎம் எவ்வளவு இடம் தருகிறார் என்பதைப் பொறுத்தவை. இரண்டாவது பாத்திரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேச்சர் வேண்டுமென்றால் இயற்கை மந்திரம் போடும் ட்ரூயிட் வகுப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 4: எண்களைப் பிரியுங்கள்

பாத்திரத்தின் ஆறு திறன்களுக்குப் பிரித்துத் தரும் 15, 14, 13, 12, 10, 8 என்ற வழக்கமான எண்களில் 15 விஸ்டமுக்கு (ஞானம்; கிளெரிக்கின் மந்திரம் இதை வைத்துத்தான்). டெம்பெஸ்ட், லைஃப் என்றால் கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 14, ஸ்ட்ரெங்த் (வலிமை) 13. அதற்குக் கீழே போனால் செயின் மெயில் என்ற கனமான கவசம் போட்டதும் நடை 10 அடி குறையும். லைட் என்றால் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 14, கான்ஸ்டிடியூஷன் 13.

படி 5: தெய்வம்

ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகத்தில் லைஃபுக்கும் லைட்டுக்கும் லதாண்டர், வாருக்கு டெம்பஸ், நாலெட்ஜுக்கு ஓக்மா. டெம்பெஸ்டுக்கு டாலோஸ், அம்பர்லீ. கடல் தெய்வமான அம்பர்லீக்கு மாலுமிகள் பக்தியால் அல்ல, பயத்தால் காணிக்கை போடுகிறவர்கள். அப்படி ஒரு தெய்வத்துக்கு உங்கள் ஆள் ஏன் பூசாரியானார் என்று யோசித்தாலே பின்கதை பாதி முடிந்தது.

படி 6: முதல் நாள் ஸ்பெல் பட்டியல்

பாத்திரத்தின் இனம் தரும் கூடுதல் புள்ளியால் விஸ்டம் 16 ஆகிவிட்டால் முதல் லெவலில் நான்கு ஸ்பெல்கள் தயார் செய்யலாம். டொமைன் ஸ்பெல்கள் இந்தக் கணக்கில் வராது, அவை எப்போதும் தயார். பிளெஸ், ஹீலிங் வேர்ட், கைடிங் போல்ட், கமாண்ட் போதும். ஷீல்ட் ஆஃப் ஃபெய்த்தையும் சேர்க்கத் தோன்றும். அதற்கும் பிளெஸ்ஸுக்கும் கான்சன்ட்ரேஷன் (மந்திரம் நீடிக்க வைக்கும் கவனம்) தேவை, ஒரே நேரத்தில் இரண்டும் ஓடாது. பட்டியல் பிடிக்கவில்லையா, லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம். டொமைனை அப்படி மாற்ற முடியாது; இரண்டு மூன்று அமர்வு ஆடியும் ஒட்டவில்லை என்றால் டிஎம்மிடம் தனியாகப் பேசிப் பாருங்கள்.